மூன்று முறை அலசவும்

மூன்று முறை அலசிக் கொட்டிவிட்டு நாலாவதாகப் பிடிக்கிற நீர்தான் கணக்கு என்று ரெஜினா தொண்டை வற்றச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆறு பேராசிரியர்களும் குப்பியும் கையுமாக வேப்பமர நிழலில் நின்றார்கள். எல்லாரும் முனைவர் பட்டம் வாங்கியவர்கள். ஒரு குப்பியை அலசத் தெரியவில்லை.

நீர் ஆராய்ச்சிக்கு மத்திய அரசு தரும் நிதிக்கு இவர்களைத் தயார்படுத்துவதுதான் கல்லூரியில் ரெஜினாவின் வேலை. நாலு வருடமாக இதே பாட்டு. அனுப்பிய விண்ணப்பமெல்லாம் போன வேகத்தில் திரும்பிவந்தது. இந்தத் தடவையும் ஒன்றும் தேறாவிட்டால் அவளுடைய பிரிவையே மூடிவிடுவதாகக் கல்லூரி முதல்வர் சொல்லிவிட்டார்.

நாளை மாலை ஐந்து மணிக்கு விண்ணப்பிக்கும் நேரம் முடிகிறது.

முதற்கட்டத் தரவு இருந்தால்தான் டெல்லியில் விண்ணப்பத்தைப் புரட்டியாவது பார்ப்பார்கள். அதற்காகத்தான் சிக்கல் என்கிற ஊரையும் தாண்டி இங்கே வந்தது. இங்கே பெண்கள் காய்ந்த கண்மாய்க்குள் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு குடம் நிரப்புவார்கள். அந்த நீரில் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதுதான் ஆறு விண்ணப்பத்துக்கும் அடிப்படை.

ஊற்றில் இறங்கி நேரடியாகப் பிடிக்க வேண்டும் என்பது ரெஜினாவே நடத்தும் பாடம். ஆனால் கண்மாய் ஒரு மைல் தூரம். வெயில் மண்டையைப் பிளந்தது. வேனை விட்டு இறங்கியதுமே மகேஸ்வரி என்கிற பெண் வழிமறித்துவிட்டாள்.

"வேகாத வெயில்ல எங்க போறீக டீச்சர்? இங்கன நெழல்ல இருங்க, நான் கொண்டாந்து தாரேன்."

அப்பாடா என்றிருந்தது ரெஜினாவுக்கு.

மகேஸ்வரி வீட்டுக்குள்ளிருந்து குடத்தைத் தூக்கிவந்து சொம்பு சொம்பாக ஊற்றினாள். அவர்கள் அலசிக் கொட்டினார்கள். அவள் மறுபடி ஊற்றினாள். ஒவ்வொரு தடவை அவர்கள் கொட்டும்போதும் அவள் கை ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் குடத்துக்குப் போனது. பாவம், அவளுக்கும் அசதி என்று ரெஜினா நினைத்துக்கொண்டாள்.

ஐந்து குப்பிகள் நிரம்பி, 'ஊற்று நீர்' என்று சீட்டும் ஒட்டியாயிற்று. காஜா நவாஸ் சார் மட்டும் இன்னும் அலசிக்கொண்டிருந்தார்.

படிவத்தில் இடத்தைக் குறிக்க வேண்டும். ரெஜினா போனைக் கையில் எடுத்துக்கொண்டு, ஊற்று எந்தப் பக்கம் என்று கேட்டாள்.

மகேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஊத்து வத்திப் பத்து நாளாச்சு டீச்சர். இம்புட்டுத் தூரம் வந்தவகளை வெறுங்கையோட அனுப்ப மனசு வரல. இது நேத்து லாரியில வந்த தண்ணி. இனி அடுத்த வாரந்தான் வரும்."

குடத்தில் அடித்தண்ணீர்தான் கிடந்தது.

காஜா நவாஸ் மூன்றாவது தடவையாகக் குப்பியைக் கவிழ்க்கப் போனார்.

"கொட்டாதீங்க!" என்று கத்திவிட்டாள் ரெஜினா. காலையிலிருந்து கொட்டு, கொட்டு என்று சொன்ன அதே வாய். ஆறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சீட்டு ஒட்டியாகிவிட்டது. டெல்லியில் யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு நினைப்பும் ஓடத்தான் செய்தது. ஈரமான மண்ணைப் பார்த்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ஐந்து குப்பிகளையும் அவர்கள் கையிலிருந்து வாங்கினாள். ஒவ்வொன்றாக மூடியைத் திருகி, மகேஸ்வரியின் குடத்தில் ஊற்றினாள். காஜா நவாஸும் தன் குப்பியில் இருந்ததைக் குடத்திலேயே ஊற்றினார்.

மூன்று முறை அலசிய குப்பிகள். சுத்தமாகத்தான் இருந்தன.