சுவரில் செலினின் சின்னம்

தேர்தல் வந்துவிட்டால் அந்தத் தெருவின் வீட்டுச் சுவர்கள், உள்ளே இருப்பவர்களின் மனமறிந்து தாமாகவே கட்சிச் சின்னங்களை ஒளிரவிடும். கவுன்சிலர் சீட்டை எதிர்பார்த்திருந்த அருளப்பனின் சுவரில் இம்முறை இரண்டு சின்னங்கள். ஒன்று அவருடையது, இன்னொன்று எதிர்க்கட்சியுடையது, மனைவி செலினால் வந்தது.

"எங்க கட்சி ஊர்வலம் இந்தப் பக்கமாத்தான் வருது. சுவரை அணைச்சிடவா?" என்று கேட்டார் அருளப்பன்.

"உங்களுக்குச் சங்கடம்னா உங்களோடதை மட்டும் அணைச்சுக்குங்க. என்னோடது எரியட்டும்," என்றாள் செலின், துணி மடித்துக்கொண்டே.

இருபது வருஷம் மேடையில் முழங்கியும் அந்தத் துணிச்சல் தனக்கு வாய்த்ததில்லை என்று அவருக்குத் தோன்றியது. சுவரை அணைக்கவில்லை.

ஊர்வலத்தில் வந்த மாவட்டச் செயலாளர் வாசலில் நின்று முறைத்தார். "யாருய்யா அது, உன் வீட்டுக்குள்ளயே?"

சீட்டு போய்விட்டது என்று அருளப்பனுக்குப் புரிந்தது.

"என் சம்சாரம்ங்க," என்றார், தெருவுக்கே கேட்கும்படி.