மிஷின் சத்தம்

"அவன் கத்தினாலும் நிறுத்தாதீங்கண்ணே. மிஷினையே போடுங்க," என்றாள் அம்மா.

சலூன்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன மாதம் வரை இவள் இப்படிப் பேசியவள் இல்லை.

பையனுக்கு ஆட்டிசம், வயது ஒன்பது. மிஷின் சத்தம் கேட்டாலே காதில் ஆணி இறங்கியதுபோல் துடிப்பான். அதனால் அவனுக்கு எப்போதும் கத்தரிதான். அதற்கே காதை மூடும் ஹெட்போனை மாட்டி, மடியில் உட்காரவைத்து, "இன்னும் ஒண்ணே ஒண்ணுடா கண்ணு" என்று கெஞ்சிக் கூத்தாடுவாள். காத்திருப்பவர்கள் முணுமுணுத்தாலும் காதில் வாங்கமாட்டாள். பொறுமையில் பூமாதேவி தோற்றாள் என்று சலூன்காரரே வீட்டில் சொல்லியிருக்கிறார்.

இன்று ஹெட்போன் இல்லை, மடியும் இல்லை. பையனை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு அவள் எட்டிப்போய்ச் சுவரோரம் நின்றுகொண்டாள்.

துணி போர்த்தும்போது, புதுச் சட்டையின் காலருக்குள் சிவப்பு நூலில் பையனின் பெயர் தைத்திருப்பதைப் பார்த்தார். எங்கேயாவது தொலைந்துவிடுவான் என்ற பயம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

மிஷின் உறுமியதும் பையன் அலறினான். நாற்காலியை உதைத்தான். அம்மா இருந்த பக்கம் கையை நீட்டினான்.

அவள் கையைக் கொடுக்கவில்லை. "அசையாம இரு. அசையாம இருந்தா சீக்கிரம் முடிஞ்சிரும்," என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"பெத்தவதானா இவ?" என்று பெஞ்சில் இருந்தவர் சத்தமாகவே கேட்டார். சலூன்காரர் வாய்விட்டுக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஒருவழியாகப் பையன் அடங்கினான். தொண்டை கட்டிப்போய், நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, ஆடாமல் அசையாமல் இருந்தான். வெட்டி முடித்ததும் சலூன்காரருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்னம்மா இது, பிள்ளையை இப்படியா வதைக்கிறது? அடுத்த மாசமாவது அந்த ஹெட்போனை எடுத்துட்டு வா."

அவள் பையனின் கழுத்தில் ஒட்டியிருந்த முடியை ஊதி ஊதித் துடைத்தாள்.

"அடுத்த மாசம் வரமாட்டாண்ணே. எனக்கு ரொம்ப நாள் இல்லைன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. நாளைக்கு இவனைப் பிள்ளைங்க இல்லத்துல சேர்க்கிறேன்."

சலூன்காரருக்குக் குரல் இறங்கிப்போயிற்று. "அதுக்கு இன்னைக்கு எதுக்கும்மா இந்தப் பாடு?"

"அங்க அசையிற பிள்ளைங்களைக் கட்டிப்போட்டுத்தாண்ணே வெட்டுறாங்க."