குரலுக்குத் திறக்கிற பூட்டு

கிளவுடுக்குள்ள ஒரு பூட்டு இருந்துச்சு. மரகதம்மா குரல் கேட்டா மட்டும்தான் திறக்கும். உள்ள அவங்க வீட்டு போட்டோவெல்லாம் பத்திரமா தூங்கும்.

ஒரு நாள் வெளிய, "பூட்டுக்கண்ணு, அம்மா வந்திருக்கேன், திற"ன்னு குரல். அதே குழைவு, அதே இழுப்பு.

"இதோம்மா!"ன்னுச்சு பூட்டு.

"டேய், திறந்துடாத!"ன்னு பதறுச்சு, காலைலதான் உள்ள வந்த ஒரு போட்டோ. "என்னை உத்துப் பாரு. அம்மா கழுத்துல மப்ளர். தொண்டை கட்டி பேச்சே வரல அவங்களுக்கு. வெளிய நிக்கிறது வேற யாரோ. எங்களையெல்லாம் அள்ளிட்டுப் போயிடும்."

பூட்டு இறுகிக்கிச்சு. வெளிய நின்னது அது சொன்னதையெல்லாம் காது குடுத்துக் கேட்டுக்கிச்சு.

அப்புறம் மெதுவா ஒரு இருமல். அதே குரல், இப்ப கரகரன்னு.

"கண்ணு... தொண்டை கட்டிக்கிச்சுடா... திறயேன்..."

"அடப்பாவி, அம்மாவேதான்!"ன்னு போட்டோவைத் திட்டிக்கிட்டே பூட்டு திறந்துச்சு.