துக்கக் காப்பி

ஜன்னல் கம்பிகளின் நிழல் பெண்களின் கறுப்பு மடிகளில் கோடு போட்டுக் கிடக்கிறது. அண்ணன் இறந்து இன்று மூன்றாம் நாள். இருபத்தாறு வருடமாக வெளிநாட்டில் அகதியாக வாழ்ந்த தங்கை இந்திசாரை, எல்லைப் பாலத்துச் சாவடியில் இரண்டு நாள் உட்கார வைத்துவிட்டு இன்று காலைதான் உள்ளே விட்டார்கள். அதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. பக்கத்து வீட்டு ஷஃபீக்கா பித்தளைக் கெண்டியைச் சாய்த்து, சர்க்கரை போடாத காப்பியை ஒரு வாய் அளவு ஊற்றித் தருகிறாள். இந்திசார் ஏலக்காய் வாசனையை முகர்கிறாள். குடித்துவிட்டு, கோப்பையை நீட்டியபடி, பழக்கத்தில் சொல்லிவிடுகிறாள்: "இந்த வீட்டுக் காப்பி என்னைக்கும் இப்படியே நிலைக்கட்டும்."

அது கல்யாண வீட்டில் சொல்கிற வாழ்த்து. பெண்களின் விரல்களில் தஸ்பீஹ் ஜெபமணிகள் உருளும் சத்தம் நின்றுபோகிறது. மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்த யாரோ பாதியில் நிறுத்துகிறார்கள். அகதியாகப் போன தேசத்தில் இந்திசார் காப்பி குடித்ததெல்லாம் கல்யாண வீடுகளில்தான். சாவுகள் தொலைபேசியில் வந்தன. காது மடல் வரை எரிகிறது.

"என்னடி இது, மௌத்தான வீட்டுல வந்து..." ஷஃபீக்கா ஆரம்பிக்கிறாள்.

"விடு ஷஃபீக்கா." அண்ணி ரஸ்மிய்யாவின் குரலில் கோபமே இல்லை. "பாவம், அவங்க விருந்தாளி. அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

காலையில் வாசலில் 'வாடி' என்று இந்திசாரைக் கட்டிக்கொண்டு அழுதவள் இவள்தான்.

இந்திசார் பிறந்த அறை இது. யாரோ எழுந்து, விருந்தாளிகளுக்கென்று வைத்திருக்கும் மெத்தை நாற்காலியை இழுத்துப் போடுகிறார்கள். அவள் தரையிலிருந்து எழுந்து, போய், அதில் உட்காருகிறாள்.