எழுதிப் போட்ட பேர்

“ஓட்டைச் சீக்கிரம் எண்ணி முடிக்கச் சொல்லு மார்லிஸ். இன்னைக்கு வெள்ளிக்கிழமை. ஊரே கடையில மீன் வறுவலுக்கு நிக்கும். அது தீர்ந்துபோச்சுன்னா வெறும் உருளைக்கிழங்கைத்தான் மெல்லணும்.”

பள்ளி நூலகத்தில், சின்னப் பிள்ளைகள் உட்காரும் நாற்காலியில் முழங்கால் மோவாயை இடிக்க உட்கார்ந்திருந்தார் ஆர்லோ. மார்லிஸின் அப்பா. மகளுடைய கார் பழுதாகிக் கிடந்ததால் அவளையும் பேரப்பிள்ளையையும் தன் டிரக்கில் கூட்டி வந்திருந்தார்.

“உங்களை யாருப்பா உள்ள வரச் சொன்னது? வண்டியிலயே இருந்திருக்கலாமே.”

“ஏப்ரல் மாசம்னு பேரு, வெளிய பனி கொட்டுது. விறைச்சுச் சாகவா?”

“உங்க ஆளு ஜெயிக்கறதைப் பார்க்க வந்தீங்கன்னு சொல்லுங்க.”

“கென் என்கூட இத்தனை வருஷமா சீட்டாடறவன். என் வாசல்ல அவன் தேர்தல் பலகையை நட்டுக்கறேன்னான், நட்டுக்கோன்னேன்” என்று முறைத்தார். “கெய்லா எங்க போனா?”

“ரென், அப்பா.”

“அவதான். எங்க?”

“அவன் தண்ணி குடிக்கப் போயிருக்கான்.”

கெய்லாவாகப் பிறந்த பிள்ளை, தான் பையன் என்று வீட்டில் சொல்லி, கூரைக்கடியில் கூடு கட்டும் ரென் என்கிற சின்னப் பறவையின் பேரைத் தனக்கு வைத்துக்கொண்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆர்லோ வாயிலிருந்து அந்தப் பேர் இன்னும் வெளியே வரவில்லை.

பள்ளிக்கூட வாரியத்தில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் தேர்தல். கென் டீட்ஸ் ஜெயித்தால், பதிவேட்டில் உள்ள பேரைச் சொல்லித்தான் ஆசிரியர்கள் பிள்ளைகளைக் கூப்பிட வேண்டும். ரென்னைப் போன்ற பிள்ளைகள் பள்ளி முடிந்ததும் கூடிப் பேசுகிற மன்றத்தையும் மூடிவிடுவார்கள். வாரியத்தில் மற்றவர்கள் பாதிக்குப் பாதியாக நின்றார்கள்.

கென்னை எதிர்த்து நிற்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. மார்லிஸ் மனசைத் திடப்படுத்திக்கொண்டு முன்வந்தபோது வாக்குச்சீட்டு அச்சாகி முடிந்துவிட்டது. அவளுக்கு ஓட்டுப் போடுகிறவர்கள், சீட்டில் காலியாக விட்ட கோட்டில் அவள் பேரைத் தங்கள் கையாலேயே எழுதவேண்டும். பேரோ, மார்லிஸ் வோய்சிஹோவ்ஸ்கி!

மன்றத்துப் பிள்ளைகளின் அம்மாக்களும் அப்பாக்களும் பனியில் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். “எப்படி வருதோ அப்படி எழுதுங்க, தப்பா இருந்தாலும் செல்லும்” என்று கெஞ்சினார்கள். ஜனங்களும் எழுதினார்கள். பாதியில் மூச்சு வாங்கி நிறுத்தியவர்கள்கூட உண்டு. இத்தனை கைகள் தன் பேரோடு மல்லுக்கட்டியிருக்கின்றன என்பதை மார்லிஸால் நம்பவே முடியவில்லை.

ரென் திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். எண்ணிக்கை அதிகாரி லொயிஸ் எழுந்தாள்.

“ரெண்டு பேருக்கும் சமம். முடிவு பண்ணாம ஒரே ஒரு சீட்டு இருக்கு. அதைச் செல்லாதுன்னு விட்டா, தொப்பியில பேரைப் போட்டுக் குலுக்கித்தான் எடுக்கணும்.” கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். “அதுல எழுதியிருக்கறது: ‘ரென்னோட அம்மா’.”

ரென் அம்மாவின் கையை இறுகப் பிடித்தான்.

“அது பேரே இல்ல!” எதிர்ப் பக்கம் உட்கார்ந்திருந்த கென் துள்ளி எழுந்தார். “அந்தப் பொண்ணு பேரு பதிவேட்டுல கெய்லா.”

“கென், உக்காரு” என்றாள் லொயிஸ். “இந்த ஊர்ல எத்தனை ரென் இருக்காங்க?”

“ஒண்ணுதான். ஆனா...”

“அதுக்கு எத்தனை அம்மா?”

நூலகமே சிரித்தது. கென்னின் காது சிவந்தது.

“சிரிக்காதீங்க! சீட்டைக் காட்டு. பாருங்க, எழுத்தே தப்பு. அந்தப் பறவை பேருக்கு முன்னாடி டபிள்யூ உண்டு. அந்தப் பொண்ணும் அப்படித்தான் எழுதுது. இதுல நேரா ஆர்ல ஆரம்பிக்குது. இது வேற யாரோ!”

“உச்சரிக்காத எழுத்துதானே? யாரோ காதால கேட்டதை அப்படியே எழுதியிருக்காங்க. நீதான் ஒரு கூட்டம் விடாம, ரென்னுன்னு கூப்பிடக் கூடாதுன்னு மேஜையைத் தட்டினியே. ஊருக்கே மனப்பாடம்.”

லொயிஸும் அவளோடு சீட்டு எண்ணிய மற்ற இரண்டு பேரும் தலையைக் கூட்டிப் பேசினார்கள்.

“எழுதினவங்க மனசுல யாரை நினைச்சாங்கங்கறதுதான் கணக்கு. சீட்டு செல்லும். மார்லிஸ், வாழ்த்துக்கள்.”

யாரோ கத்தினார்கள், யாரோ அழுதார்கள். மார்லிஸ் ஒவ்வொருவரையும் கட்டிப்பிடித்தாள். அந்தச் சீட்டு யாருடையது? நீங்களா, நீங்களா என்று கண்ணாலேயே கேட்டாள். எல்லாரும் இல்லையென்று தலையை ஆட்டிவிட்டார்கள். அவளுடைய முழுப்பேரை எழுத வீட்டிலேயே பழகிவிட்டுப் போனவர்கள் அவர்கள்.

“சந்தோஷமெல்லாம் அப்புறம். மீனு!” என்றார் ஆர்லோ வாசலிலிருந்து.

டிரக்கில் ஒரே நீள இருக்கை. ரென்னை நடுவில் விட்டு மூவரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள்.

“யாரா இருக்கும்மா?”

“தெரியலடா. தெரிஞ்சா ஆயுசு முழுக்க ஆப்பிள் பை சுட்டுக் கொடுப்பேன். எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்.”

ஆர்லோ சாவியைப் போட்டார். திருப்பவில்லை. முன்கண்ணாடியில் விழுந்து கரையும் பனியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னப்பா, மீன் தீர்ந்துடும்னீங்க?”

“அது கிடக்கட்டும்” என்றார் கோபமாக. “இவன் பேருக்கு முன்னாடி டபிள்யூ வரும்னு ஏன் ஒருத்தரும் என்கிட்ட சொல்லல?”