இன்னொரு மருந்து

"போதும் லலிதா. ஆத்துக்குப் போயிடலாம்" என்றார் புற்றுநோய் வார்டில் படுத்திருந்த பஞ்சாபகேசன்.

"டாக்டர் இன்னொரு மருந்து இருக்குங்கறா. பேசாம இருங்கோ" என்றாள் லலிதாம்பாள்.

அவர் பேசாமல் இருந்தார்.

நாற்பத்தோரு வருஷமாக அப்படித்தான். வலியசாலை வீட்டின் கொல்லையில் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு முழம் உள்ளே தள்ளிச் சுவர் எழுப்பியபோதும், "அவாளுக்கு இடம் போறலை போலிருக்கு" என்று உள்ளே வந்துவிட்டவர். அவருக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. லலிதாம்பாளுக்கு எல்லாம் வேண்டியிருந்தது. துப்பில்லாத மனுஷன் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே எல்லாவற்றுக்கும் அவளே மல்லுக்கு நின்றாள்.

இப்போது அவர் உயிருக்கும்.

புது மருந்து ஏறத் தொடங்கியது. வாயெல்லாம் புண். தண்ணீர்கூட இறங்கவில்லை.

தினமும் காலையில், "இன்னிக்குத் தேவலை" என்பார். அவள் நம்பினாள். கழக்கூட்டத்தில் வேலை பார்க்கும் மகனுக்கும் ஃபோனில் அதையே சொன்னாள்.

பதினேழாம் நாள் நர்ஸ் இரண்டு கைகளிலும் நரம்பு தேடினாள். கிடைக்கவில்லை. காலைப் பார்த்தாள்.

அவரே போர்வையை விலக்கிக் காலை நீட்டினார்.

லலிதாம்பாளால் அதைப் பார்க்க முடியவில்லை. எழுந்து நேரே டாக்டர் அனுஷாவின் அறைக்குப் போனாள்.

"இனிமே குத்த வேண்டாம். நான் அவரை ஆத்துக்குக் கூட்டிண்டு போறேன்."

வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றை விட்டுக்கொடுக்கிறாள். நெஞ்சு லேசானதுபோல இருந்தது. கொஞ்சம் பெருமையாகக்கூட.

டாக்டர் அவளை உட்காரவைத்து, மலையாளம் கலந்த தமிழில் சொன்னாள்.

"இந்த மருந்து கேக்காதுன்னு சாருக்கு முதல்லயே தெரியும் கேட்டோ. நான் சொன்னேன். 'அவளுக்கு இன்னும் மனசு வரலை, வர்ற வரைக்கும் போடுங்கோ, நான் தாங்கிக்கறேன்'னார்."

மத்தியானம் ஆம்புலன்ஸ் கிளம்பியது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டும். இத்தனை வருஷத்தில் ஒருமுறையும் கேட்டதில்லை; எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அழுகைதான் வந்தது.

அவர் கண்ணைத் திறந்தார். புண்பட்ட உதடுகள் மெல்ல அசைந்தன.

"அழாதே. சீக்கிரமே உனக்கு மனசு வந்துடுத்து. ஒரு மாசமாவது ஆகும்னு நெனச்சிண்டிருந்தேன்."

வீட்டில் அவர் நான்கு நாள் இருந்தார்.