பாதிக் கும்பிடு

ஜெயிலிலிருந்து வந்த முதல் ஞாயிறே கபிரியேல் பூசைக்கு வந்து, தொம்மைக்கு முன்வரிசையில் நின்றான். வலைச் சண்டையில் தொம்மையின் இடது கையை மணிக்கட்டோடு அரிவாளால் வெட்டிக் கடலில் வீசியவன் அவன். அன்றிலிருந்து தொம்மை மீன் தின்பதில்லை.

பரலோக மந்திரத்தில் மன்னிப்பைச் சொல்லும் வரி வந்தால் வாயை மூடிக்கொள்வது தொம்மையின் வழக்கம். இன்று உரக்கச் சொன்னான். பக்கத்தில் நின்ற அவன் மனைவி ஜெசிந்தா திரும்பிப் பார்த்தாள்.

"ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளுங்கள்" என்றார் சாமியார். கோயில் முழுக்கக் கைகள் குவிந்தன. கபிரியேலும் திரும்பிக் கும்பிட்டான். தொம்மையின் வலது கை மட்டும் பாதிக் கும்பிடாக நெஞ்சுக்கு நேரே நின்றது. பிறகு அதைக் கபிரியேலின் கைகளுக்கு நடுவே நுழைத்தான். அவனுடைய இடது கையை ஒதுக்கிவிட்டு, அன்று அரிவாள் பிடித்த அவன் வலது கையோடு தன் உள்ளங்கையைப் பொருத்தினான். இப்போது கும்பிடு முழுசாக இருந்தது.

"சமாதானம்" என்றான் தொம்மை.

"சமாதானம் அண்ணே." கபிரியேலுக்குக் கண் நிறைந்துவிட்டது.

தொம்மை விரல்களைக் கோத்து இறுக்கினான். ஒற்றைக் கையாலேயே வடம் இழுத்துப் பழகிய பிடி. முதல் எலும்பு முறிந்த சத்தம் பூசைப் பாட்டுக்குள் அமுங்கிப்போனது. கபிரியேலின் உதடு வெளுத்தது. கையை அவன் இழுத்துக்கொள்ளவில்லை.

"விடுங்க. நன்மை வாங்கப் போவணும்" என்றாள் ஜெசிந்தா, அப்பம் கொடுக்க வந்த சாமியாரைப் பார்த்தபடி.

"இருக்கட்டும் மதினி" என்றான் கபிரியேல்.

தொம்மை அவன் நெற்றியில் தன் நெற்றியைச் சாய்த்து, "சமாதானம்" என்று மறுபடியும் சொல்லி, அடுத்த விரலை மடக்கினான்.